எதிர்ப்பும் அதன் எல்லைகளும்: உதைபந்தாட்டக் கழகம் யாருடையது?

உதைபந்தாட்டக் கழகமொன்றின் உடைமையாளருக்கு எதிராக இரசிகர் கிளர்ந்தெழலாமா என்னும் வினா இங்கிலாந்திலே இரு தசாப்தங்களுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. எழவே கூடாது என்போர் ஒருபுறம். எழுந்தாற் போதும் என்போர் மறுபுறம். இரு சாராரும் வினாவின் அடிப்படையைத் தொடாமலே விடை கூறுகின்றனர். கழகம் யாருடையது என்பதே அவ்வடிப்படை.

மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் வரலாறு இவ்விடயத்தைத் தெளிவாக்கும். 1878 ஆம் ஆண்டில் நியூற்றன் ஹீத் என்னுமிடத்துப் புகையிரதத் தொழிலாளர் அமைத்த அணியே அதன் தொடக்கமாகும். கடனில் மூழ்கிய அவ்வணி, 1902 இல் மதுவடிசாலை உரிமையாளர் ஒருவரின் பணத்தால் மீட்கப்பட்டுப் புதுப்பெயர் பெற்றது. தொழிலாளர் தோற்றுவித்ததைச் செல்வர் கையேற்கும் போக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம். எனினும், 2005 இல் நிகழ்ந்தது தன்மையில் வேறானது. அமெரிக்கரான கிளேசர் குடும்பத்தினர் ஏறத்தாழ 790 மில்லியன் பவுணுக்குக் கழகத்தை வாங்கினர். அத்தொகையின் பெரும்பகுதி கடனாகும். அக்கடனின் ஒரு பகுதிக்குக் கழகத்தின் சொத்துக்களே பிணையாயின. அதுவரை கடனற்றிருந்த கழகம், தன்னை வாங்கியவர் பட்ட கடனுக்குத் தானே வட்டி செலுத்தலாயிற்று. மாட்டின் விலையை அம்மாட்டின் பாலிலிருந்தே கறந்து கொடுத்தமைக்கு ஒப்பானது இது. கன்றுக்கு எஞ்சியது யாது என்பதே இரசிகரின் கேள்வி.

எதிர்ப்பு வேண்டாம் என்போரின் முதல் வாதம், அது அணியின் ஆட்டத்தைக் குலைக்கும் என்பது. லிவர்பூல் கழகத்தில் 2016 பெப்ரவரியில் நிகழ்ந்ததை அவர்கள் சான்றாகக் காட்டுவர். நுழைவுச்சீட்டின் உயர்ந்தபட்ச விலையை 77 பவுணாக்கும் திட்டத்தை எதிர்த்து, சண்டர்லாந்து அணியுடனான போட்டியின் 77 ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் அரங்கை விட்டு வெளியேறினர். அவ்வேளை 2-0 என முன்னணியில் நின்ற லிவர்பூல், ஈற்றில் 2-2 எனச் சமநிலையே கண்டது. ஆனால், சில நாட்களுள் உடைமையாளர் மன்னிப்புக் கோரி அத்திட்டத்தைக் கைவிட்டனர் என்பதை இவ்வாதக்காரர் கூறுவதில்லை. இழந்த புள்ளிகளை அடுத்த போட்டிகளில் ஈட்டிவிடலாம். விலையுயர்வால் அரங்குக்கு வெளியே தள்ளப்படும் தொழிலாளியின் பிள்ளையை எந்தப் போட்டியில் மீட்பது?

இரண்டாவது வாதம் சொத்துரிமை பற்றியது. வாங்கியவருக்கே உரிமை; விரும்பாதோர் விலகிச் செல்லலாம் என்பர். கடைக்குப் பொருந்தும் இந்நியாயம் கழகத்துக்குப் பொருந்தாது. ஒரு கடையில் அரிசி நன்றாக இல்லையெனின் மறுகடைக்குச் செல்லலாம். தந்தையின் தோளில் அமர்ந்து கண்ட அணியை எவரும் அவ்வாறு மாற்றிக்கொள்வதில்லை. வேறிடம் செல்லாத அந்தப் பற்றே உடைமையாளரின் இலாபத்துக்கு உத்தரவாதமாகின்றது. விம்பிள்டன் கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மில்ரன் கீன்சுக்கு இடம்மாற்ற 2002 இல் அனுமதி வழங்கப்பட்டபோது, இரசிகர் அதனைப் பின்தொடரவில்லை. தாமே புதிய கழகமொன்றை நிறுவினர். 2011 இல் அது உதைபந்தாட்ட லீக்கினுள் (Football League) நுழைந்தது. சட்டம் கழகத்தின் உரிமத்தை உடைமையாளரோடு அனுப்பியது. கழகத்தையோ மக்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

எதிர்ப்பினாற் பயனில்லை என்பது மூன்றாவது வாதம். இதில் ஓரளவு உண்மையுண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2010 இல் மன்செஸ்ரர் இரசிகர் பல்லாயிரவர், நியூற்றன் ஹீத் காலத்துப் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத் துண்டுகளை அணிந்து கிளேசர் குடும்பத்தை எதிர்த்தனர். ஆயின் அவர்கள் அமர்ந்திருந்தது பணம் கொடுத்து வாங்கிய ஆசனங்களிலேயே. கழுத்திலே எதிர்ப்பு, கையிலே பருவகாலச் சீட்டு! வருவாய் குறையாத உடைமையாளருக்கு வசைப்பாட்டு எம்மாத்திரம்? 2021 மே 2 ஆம் திகதி இரசிகர் ஓல்ட் ட்ராபோட் அரங்கினுள் புகுந்தமையால் லிவர்பூலுடனான போட்டி ஒத்திவைக்கப்பட்டது. காவலர் காயமுற்றமையை எவரும் நியாயப்படுத்த முடியாது. 2024 இல் காற்பங்குக்குச் சற்று மேலான உரிமை இன்னொரு செல்வருக்கு விற்கப்பட்ட பின்னரும் பெரும்பான்மை வாக்குரிமை அதே குடும்பத்திடமே இருந்தது.

ஆயினும், இதிலிருந்து பெறத்தக்க முடிபு எதிர்ப்பு வீண் என்பதன்று. எதிர்ப்பின் இலக்குத் தவறு என்பதே. நியூகாசில் இரசிகர் மைக் ஆஷ்லி என்னும் உடைமையாளரைப் பல்லாண்டுகள் எதிர்த்தனர். 2021 ஒக்ரோபரில் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் 80 சதவீத உரிமையை வாங்கியபோது, அவர்களிற் பலர் அரங்கின் முன் கூடிக் கொண்டாடினர். தனியொரு வணிகரை வெறுத்தோர் அரசொன்றின் கருவூலத்தை வரவேற்றனர். லிவர்பூலில் 2010 இல் கடன்சுமை ஏற்றிய இரு அமெரிக்கர் அகற்றப்பட்டபின் வந்த அமெரிக்க நிறுவனமே 2016 இல் 77 பவுண் கேட்டது. ஆள் மாறுவதால் முறை மாறுவதில்லை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஜேர்மனியின் அனுபவம் வேறானது. அங்கு 1998 முதல் நிலவும் விதியின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும். 2023 டிசெம்பரில் ஒளிபரப்பு உரிமை வருவாயின் ஒரு பகுதியை வெளி முதலீட்டாளருக்கு விற்க 36 கழகங்களுள் 24 இணங்கின. இரசிகர் ரெனிஸ் பந்துகளை மைதானத்தினுள் எறிந்து வாரக்கணக்கிற் போட்டிகளைத் தடைப்படுத்தினர். 2024 பெப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பந்துகள் மாத்திரம் இதனைச் சாதிக்கவில்லை. எறிந்தவரிற் பலர் கழகத்தின் உறுப்பினர். நிருவாகத்தைத் தெரிவுசெய்யும் வாக்கும் அவர்கள் கையில் இருந்தது. எதிர்ப்புக்குப் பின்னால் உரிமை நின்றது.

இங்கிலாந்திலும் மாற்றத்தின் அறிகுறி தென்படாமலில்லை. 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலக் கழகங்கள் ஐரோப்பிய சுப்பர் லீக்கில் இணையப் புறப்பட்டு, பலமுனை எதிர்ப்பினால் இரு நாட்களுள் பின்வாங்கின. அவ்வதிர்ச்சியின் தொடர்ச்சியாக 2025 இல் நிறைவேறிய உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் சுதந்திரமான ஒழுங்குபடுத்துநரை ஏற்படுத்தியது. இரசிகரைக் கலந்தாலோசிக்குமாறு கழகங்களைப் பணித்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும், சட்டம் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியதேயன்றி, வீட்டின் திறவுகோலை மக்களிடம் கொடுக்கவில்லை.

ஆகவே, எதிர்க்கலாமா என்று இனியும் வாதிட்டுக் காலங்கழித்தல் உடைமையாளருக்கே உதவும். வருவாயைத் தொடும் கூட்டு மறுப்பும், வாக்குரிமையைக் கோரும் அமைப்பும் இன்றேல், எதிர்ப்பு வாரந்தோறும் அரங்கேறும் இன்னொரு கேளிக்கையாகிவிடும். அதற்கும் நுழைவுச்சீட்டு விற்றுப் பணம் பெறுபவர் உடைமையாளரே.