மான்களின் நோயறிய நிதி ஒதுக்குங்கள்



கோடை வந்துவிட்டால் எங்கள் கடலூர் மாவட்டத்தில் வேப்பூர், விருத்தாசலம் பக்கத்துக் காடுகளிலிருந்து புள்ளிமான்கள் தண்ணீர் தேடி வெளியே வருகின்றன. வாகனம் மோதியும் நாய்கள் கடித்தும் இறப்பவை செய்தியாகின்றன. நோயில் இறப்பவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

வெள்ளாடு மேய்ந்த தரையில்தான் மானும் மேய்கிறது. இரண்டும் ஒரே குட்டையில் வாய் வைக்கின்றன. ஆட்டுக்கொல்லி, கோமாரி, அடைப்பான் ஆகிய மூன்று நோய்களும் இரண்டையும் தாக்கக்கூடியவை. இப்படித்தான் 1968-ல் முதுமலைப் பகுதியில், கால்நடைகளைத் தாக்கும் வெக்கை நோய் காட்டுமாடுகளையும் பலிகொண்டது. தடுப்பூசியும் விடாத கண்காணிப்பும்தான் அந்நோயை உலகைவிட்டே விரட்டின; அது ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, இறந்த மானைப் புதைப்பதோடு வேலை முடியக்கூடாது. ரத்தம், நுரையீரல், ஈரல் மாதிரிகளும், காதுமடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளும் ஆய்வகம் போக வேண்டும். அடைப்பான் என்ற சந்தேகம் எழுந்தால் உடலை அறுக்கவே கூடாது. காதுச் சிரையிலிருந்து எடுக்கும் ரத்தமே சோதனைக்குப் போதும். அறுத்தால் அந்தக் கிருமி மண்ணில் பல்லாண்டு தங்கிவிடும். இதற்கெல்லாம் பயிற்சியும் குளிர்பதன வசதியும் பணமும் வேண்டும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், வனத்துறையும் கைகோத்து இந்த ஆய்வை நடத்தலாம். வரும் பட்ஜெட்டிலேயே அரசு இதற்கெனத் தனி நிதி ஒதுக்க வேண்டும். மானைக் காப்பது ஆடு வளர்த்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களையும் காப்பதாகும்.

- வாசகர், சிதம்பரம்