கோப்பைத் திறந்தால் தமிழ் தெரிய வேண்டும்

பினாங்கில் தமிழ் அச்சுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இன்றைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை அன்று பிட் ஸ்திரீட். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்த இந்நகரிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்தினார். அக்கால அச்சுத்தாள் ஒன்று கிடைத்தால், தமிழ் தெரிந்த எவரும் இன்றும் அதைப் படிக்கலாம்.

ஆனால், 1990களில் கணினியில் தயாரான பள்ளி ஆண்டிதழ் ஒன்றின் கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியக்கூடும். அன்று பல எழுத்துருக்கள் தமக்கெனத் தனி எண் வரிசையை வைத்திருந்தன. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் மற்றொன்றில் வேறோர் எழுத்து இருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் கோப்பை அப்படியே படிக்க முடியாது.

இதற்குத் தீர்வாக வந்ததே யூனிகோட். 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய ‘முரசு’ மென்பொருளும் பின்னர் யூனிகோடுக்கு வந்தது. இன்று கைப்பேசியில் நாம் தட்டச்சு செய்வதும் யூனிகோடுதான்.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? தட்டச்சில் பெரும்பாலும் தீர்ந்தது. நூலின் பக்க அமைப்பில் இன்னும் தீரவில்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியைப் பிரித்து ‘க’வின் இருபுறமும் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய பக்க அமைப்பு மென்பொருள்களுக்கு இது தெரியாது. கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அதனால், யூனிகோடில் வந்த படியைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கோக்கும் பழக்கம் வேரூன்றியது. அதன்பின் செய்யும் திருத்தங்கள் எல்லாம் அந்தப் பழைய எழுத்துருக் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. எழுத்தாளரிடம் இருப்பதோ திருத்தப்படாத படி. மறுபதிப்போ மின்னூலோ வெளியிட நினைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று இதற்கு அவசியமே இல்லை. இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோட் தமிழ் சரியாக அமையும். கட்டணமில்லாத லிபர் ஆபிஸ், சீலாடெக் ஆகியவையும், ஸ்கிரைபஸின் புதிய பதிப்புகளும் தமிழைச் சரியாகக் கையாளும். நோட்டோ தமிழ் எழுத்துருக்களும் இலவசமே.

பள்ளி மலரோ முதல் கவிதைத் தொகுப்போ தயாரிக்கும் இளையோர் அச்சகத்திடம் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: இறுதித் திருத்தம் முடிந்த யூனிகோட் கோப்பு. பிடிஎஃப் மட்டும் வாங்கினால் போதாது. அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பார்வையற்ற வாசகரின் கணினியும் அந்நூலைச் சரியாக வாசித்துக் காட்டாது. அச்சிட்ட நூல் முந்நூறு பேரைச் சென்றடையலாம். அடுத்த தலைமுறைக்குப் போகப்போவது அந்தக் கோப்புதான்.