வேன்லயே குடித்தனமா? மொதல்ல நிக்க ஒரு எடம் கேளுங்க சாமி!

நண்பர்களே, கொஞ்ச காலமா நம்ம ஆளுங்க மத்தியில ஒரு ஜுரம் பரவிக்கிட்டு இருக்கு. ஒரு பழைய வேனை வாங்க வேண்டியது. பின் சீட்டைக் கழட்டி மெத்தை போட வேண்டியது. கூரை மேல சோலார் தகடு, உள்ள ஒரு சின்ன அடுப்பு, மஞ்சள் சீரியல் பல்பு. அப்புறம் "வாடகை கெடையாது, ஹவுஸ் ஓனர் கெடையாது, இனிமே வருஷம் பூரா வேன்லதான் வாழ்க்கை, நான் சுதந்திரப் பறவை"ன்னு ஒரு பதிவு. கீழ "கலக்கல் தல", "பொறாமையா இருக்கு"ன்னு நாப்பது பேர் வரிசை கட்டி நிப்பாங்க.

கலக்கல்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா நான் இருக்கறது தர்மபுரி. பெங்களூர்-சேலம் ரோடு (பழைய பேரு என்.எச். 7, இப்ப 44) எங்க ஊரை உரசிக்கிட்டுத்தான் போகுது. வண்டியையே வீடாக்கிக்கிட்டு வாழறவங்களை இந்த ரோட்டுல நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கேன். அவங்களுக்கு யாரும் "கலக்கல் தல" போட்டதில்ல. ஏன்னா அவங்க பேரு லாரி டிரைவர்.

ஒரு லாரி கேபினை எட்டிப் பாத்திருக்கீங்களா? டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஒரு ஆள் குறுக்கிப் படுக்கற அளவுக்கு ஒரு பலகை. மேல சாமி படம், பிளாஸ்டிக் மாலை. பக்கவாட்டு டூல் பாக்ஸ்ல ஸ்டவ், அரிசி, பருப்பு, மொளகாப்பொடி. வெளிய தொங்குற தண்ணி கேன். கண்ணாடிக் கம்பியில காயற லுங்கி. வெக்கை தாங்கலேன்னா லோடு மேல ஏறி தார்பாய்ல படுக்கை. உங்க வேன்ல இருக்கற அத்தனையும் இதுல இருக்கு, அந்த மஞ்சள் பல்பைத் தவிர. எங்க சித்தப்பா ஒருத்தர் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினார். வீட்டுக் கட்டில்ல படுத்தா அவருக்குத் தூக்கம் வராது, ஆட்டம் இல்லாம எப்படிறா தூங்கறதும்பார். அதை அவர் சுதந்திரம்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிங்களும் அப்படித்தான். போர் போடப் போற ஆளுங்க மாசக்கணக்குல வெளி மாநிலத்துல, வண்டிக்கு அடியிலயும் மேலயும்தான் சோறும் தூக்கமும்.

இது இன்னிக்கு நேத்து கதையும் இல்ல. சங்க காலத்து உமணருங்க குடும்பத்தோட உப்பு வண்டியில ஊர் ஊராப் போனவங்க. வழியில அச்சு முறிஞ்சா மாட்டறதுக்குன்னு வண்டிக்கு அடியில இன்னொரு அச்சு கட்டி வெச்சிருப்பாங்க. அந்த மாத்து அச்சை உவமையா வெச்சுத்தான் அவ்வையார் புறநானூத்துல அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடினார். அதியமான் எந்த ஊரு? தகடூர். அதாவது எங்க தர்மபுரி. ஸ்டெப்னியைப் பத்தி ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பேசின ஊருய்யா இது! நீங்க வந்து எங்களுக்கு வேன் வாழ்க்கை பாடம் எடுக்கறீங்க :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். வேன்ல வாழாதீங்கன்னு நான் சொல்லலை. உங்க "சுதந்திரம்"ங்கற வார்த்தைதான் எனக்கு இடிக்குது. வண்டியில வாழறவனுக்கு ஓடறது பெரிய விஷயமே இல்ல, சாவி திருகினா ஓடும். நிக்கறதுதான் பிரச்சனை. எங்க நிறுத்தறது, எங்க தூங்கறது, எங்க குளிக்கறது, காலையில எங்க ஒதுங்கறது? நிம்மதியா நிக்க எடம் இல்லாதவன் எவ்வளவு தூரம் ஓடினாலும் அது சுதந்திரம் இல்ல, வெரட்டல்.

ராத்திரி ஒரு மணிக்கு எட்டு மணி நேரம் ஓட்டி வந்த டிரைவருக்குக் கண்ணு சொருகுது. ஓரங்கட்டினா லத்தியால கதவைத் தட்டி "எடு எடு"ம்பாங்க. பங்க்ல நிறுத்தினா டீசல் போடுவியாம்பான். ஓட்டல்ல நிறுத்தினா சாப்பிட்டே ஆகணும். எதுவுமே இல்லாத எடத்துல நிறுத்தினா காலையில டேங்க்ல டீசல் இருக்காது. கடைசியில என்ன பண்ணுவான்? இன்னும் அம்பது கிலோமீட்டர் போயிரலாம்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு எடுப்பான். அந்த அம்பது கிலோமீட்டருக்குள்ளதான் எங்க தொப்பூர் கணவாய் எறக்கம் வருது.

தொப்பூரைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டே தேதி. 2020 டிசம்பர் 12: நெரிசல்ல நின்னுக்கிட்டிருந்த கார்ங்க மேல சிமெண்டு லாரி ஏறி நாலு பேர் செத்தாங்க. 2024 ஜனவரி 24: லாரியும் காரும் அடுத்தடுத்து மோதி தீப்பிடிச்சு மறுபடி நாலு பேர். எல்லாத்துக்கும் தூக்கம்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. வளைவு இருக்கு, சரிவு இருக்கு, டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல எறக்கற வழக்கம் இருக்கு, பிரேக் போறது இருக்கு. ஆனா அந்த எறக்கத்துல முழிச்சிருக்க வேண்டிய மனுஷன் எங்க தூங்கிட்டு வந்தான்னு எத்தனை பேர் கேட்டோம்?

இன்னொரு பக்கமும் இருக்கு. கண்ட எடத்துல நிறுத்தினாலும் சாவு. 2025 நவம்பர் 2 அன்னிக்கு ராஜஸ்தான் பலோடி பக்கம் ரோட்டோரம் நின்ன டிரெய்லர் மேல டெம்போ டிராவலர் மோதி பதினஞ்சு பேர் செத்தாங்க. உச்ச நீதிமன்றமே தானா வழக்கா எடுத்துக்கிச்சு. நின்னாலும் சாவு, நிக்காம ஓடினாலும் சாவுன்னா, தப்பு ஸ்டீரிங்ல இருக்கா, ரோடு போட்டவன் பிளான்ல இருக்கா?

சட்டம் என்ன பண்ணுச்சுன்னும் பாத்துருவோம். 1961ல போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலைன்னுச்சு. ஏட்டுல. 1989 மோட்டார் வாகன விதிகள்ல நேஷனல் பெர்மிட் வண்டிக்கு ரெண்டு டிரைவர் இருக்கணும், ஒருத்தர் நீட்டிப் படுக்க முழு நீளத்துக்கு சீட்டும் இருக்கணும்னு எழுதியிருந்துச்சு. அதாவது லாரி ஒரு படுக்கையறைன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டது. 2018ல அந்த ரெண்டாவது டிரைவர் கட்டாயத்தை எடுத்துட்டாங்க. கிளீனரும் அநேகமா காணாமப் போயாச்சு. இப்ப ஒத்தை ஆளு. அவன் தூங்கினா வண்டி நிக்கணும், வண்டி நின்னா ஓனர் போன் பண்ணுவாரு.

நல்லது நடக்கவே இல்லையான்னா, நடந்திருக்கு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற கனரக, நடுத்தர லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம், ஆனா புது வண்டிக்கு மட்டும். எண்ணெய் நிறுவனங்க பங்க்குகள்ல "அப்னா கர்"னு டிரைவருங்களுக்குத் தங்குமிடம் கட்டியிருக்காங்க. படுக்கை, குளிக்க எடம், சமைச்சுக்க எடம். 2025 ஜூலை கணக்குப்படி நாடு முழுக்க 368 எடத்துல நாலாயிரத்து அறுநூறு சொச்சம் படுக்கை. நாட்டுல லாரி எத்தனை? நிதி ஆயோக் 2022 அறிக்கையில சுமார் 40 லட்சம். வகுத்துப் பாருங்க, எண்ணூத்துச் சொச்சம் லாரிக்கு ஒரு படுக்கை! ஷிப்ட் போட்டாக்கூட கட்டுப்படியாகாது.

இப்ப உங்க வேனுக்கு வருவோம். கேரளாவுல 2021லயே கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனிக் கொள்கை, கேரவன் நிறுத்தத் தனிப் பூங்கா. வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஆசைக்கு வண்டியில தூங்கறவனுக்குப் பூங்கா, பொழப்புக்கு வண்டியில தூங்கறவனுக்கு லத்தின்னா அது என்ன நியாயம்?

"அவங்க பண்றது தொழில், நாங்க பண்றது விருப்பம், ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடறே?"ன்னு கேப்பீங்க. அதேதான் நானும் சொல்றேன். உங்க விருப்பத்துக்கு ஒரு அட்வான்ஸ் தொகை எங்கேயோ கட்டி வெச்சிருக்கு: அப்பா வீடு, பேங்க் கணக்கு, எப்ப வேணா திரும்பிப் போற வேலை. ஆதார்ல இருக்கற முகவரி யாரோட முகவரி? நெசமாவே வேன் ஒண்ணுதான் வீடுன்னா அப்பத் தெரியும் சேதி. 2025 நவம்பர்ல தமிழ்நாட்டுல வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடா படிவம் குடுத்தாங்களே, டிசம்பர் 19 வரைவுப் பட்டியல்ல 97 லட்சம் பேருக்கு மேல காணோம். அதுல 66 லட்சத்துக்கு மேல முகவரியில இல்லாதவங்க, எடம் மாறினவங்கன்னு கணக்கு. வீடே இல்லாதவங்களுக்கும் ஓட்டு உண்டு; ஆனா அதிகாரி ராத்திரியில வந்து, சொன்ன எடத்துலதான் தூங்கறாங்களான்னு ஒரு நாளைக்கு மேல பாத்துச் சேக்கணும்னு விதி. தெனம் ஒரு எடத்துல தூங்கறவனை எந்த எடத்துல வந்து பாப்பாங்க?

ஊர் ஊராப் போறவனை சந்தேகமா பாக்கறது இந்த நாட்டுக்குப் பழைய வியாதி. வெள்ளக்காரன் 1871ல குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், 1911ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. உப்பு மூட்டையோட ஊர் ஊராப் போன குறவர் கூட்டங்களும் அதுல மாட்டினாங்க. 1947லதான் இங்க ஒழிஞ்சுது. நரிக்குறவர் பழங்குடிப் பட்டியல்ல சேந்தது 2023ல. நிலையா ஒரு எடம் இல்லேன்னா ஒரு சர்டிபிகேட்டுக்கு எத்தனை தலைமுறை நடக்கணும்னு அவங்களைக் கேளுங்க.

அமெரிக்காவைப் பாருங்கன்னு வராதீங்க. 2008 சரிவுல வீட்டைத் தொலைச்சு வேனுக்குக் குடி போன வயசானவங்க கதையைத்தான் 'நோமேட்லேண்ட்'னு படமா எடுத்து ஆஸ்கார் வாங்கினாங்க. பொது எடத்துல படுத்து உறங்கறதுக்கு ஊராட்சிகள் தண்டனை விதிக்கலாம்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன்ல சொல்லிருச்சு.

அதனால நண்பர்களே, வேன் வாங்குங்க, மெத்தை போடுங்க, ஒகேனக்கல் வரைக்கும் வாங்க, மீன் சோறு சாப்பிடலாம். ஆனா அடுத்த பதிவுல சுதந்திரம்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கோரிக்கையையும் சேத்து எழுதுங்க: சுங்கம் வசூல் பண்ற ஒவ்வொரு நெடுஞ்சாலையிலயும், ரெண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு நிறுத்துமிடம். வெளக்கு, தண்ணி, கக்கூஸ், காவல். லாரிக்கும் சேத்து. இலவசமா. தொப்பூர் எறக்கத்துக்கு முன்னாடி கட்டாயமா ஒண்ணு.

அது வந்துட்டா உங்க வேனும் அங்கேயே நிக்கலாம். பக்கத்து லாரிக்காரர் வெக்கற கருவாட்டுக் கொழம்பு வாசனை உங்க சோலார் அடுப்புல வராது, பந்தயம்.

டிஸ்கி: "லாரிக்காரங்க குடிச்சிட்டு ஓட்டறாங்களே"ன்னு வரப்போற பின்னூட்டத்துக்கு இப்பவே பதில்: குடிச்சவனைப் பிடிங்க, உள்ள போடுங்க. தூக்கம் வந்தவனைப் படுக்க விடுங்க. ரெண்டும் வேற வேற.