ஒரு பேட்டையின் பிள்ளைகள்

ஜப்பானில் க்யூஷு தீவின் தெற்கே காகோஷிமா என்று ஒரு நகரம் உண்டு. எதிரே, கடலுக்கு நடுவில், சகுராஜிமா என்னும் எரிமலை புகைந்து கொண்டிருக்கும். முற்காலத்தில் ஸட்ஸுமா சமஸ்தானத்தின் தலைநகரம் அது. அங்கே ஆற்றங்கரையை ஒட்டிய கஜியா பேட்டையில், வருவாய் குறைந்த சாமுராய்க் குடும்பங்கள் வசித்து வந்தன.

இந்தச் சிறு பேட்டையில் 1828-ல் ஸைகோ டகாமோரி பிறந்தார். அவரைவிட இரண்டு வயது இளையவரான ஓகுபோ டோஷிமிச்சி, வேறு தெருவில் பிறந்து, சிறு பிராயத்திலேயே இங்கு குடிவந்தார். பின்னாளில் சேனாதிபதியான ஓயாமா, கப்பற்படைத் தலைவரான டோகோ, இருமுறை பிரதம மந்திரியான யாமாமோட்டோ ஆகிய மூவரும் இதே பேட்டைப் பிள்ளைகளே.

மண்ணின் மகிமை என்று சொல்லிவிடலாம். ஆனால் உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு, அவர்கள் படித்த விதம் எது என்று பார்க்கத் தோன்றுகிறது. அங்கே 'கோஜு' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்குக் கட்டடமும் இல்லை. சம்பள வாத்தியாரும் இல்லை. பேட்டையின் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். வாசிப்பும் வாள் பயிற்சியும் போக, கேள்விப் பயிற்சி ஒன்றும் உண்டு. "உன் பிரபுவின் பகைவனும் உன் தந்தையின் பகைவனும் ஒருங்கே எதிர்ப்பட்டால் முதலில் யாரைத் தாக்குவாய்?" என்பதைப் போன்ற சிக்கலான கேள்வி போடுவார்கள். சிறுவன் தயங்காமல் விடையும், விடைக்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

ஸைகோவும் ஓகுபோவும் இப்படி வளர்ந்த இணைபிரியாத் தோழர்கள். 1868-ல் ஷோகன் ஆட்சி வீழ்ந்ததற்கும், 1871-ல் சமஸ்தானங்கள் ஒழிந்து ஒரே தேசம் ஆனதற்கும் இருவரும் தோள் கொடுத்தனர். 1873-ல் கொரியா விஷயமாக அபிப்பிராய பேதம் மூண்டது. ஸைகோ பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். மறு வருஷம் அங்கே இளைஞர்களுக்காகப் பள்ளிகள் ஏற்பட்டன.

1877-ல் அவர் வேட்டைக்குப் போயிருந்த சமயம், அந்த மாணவர்கள் சர்க்கார் ஆயுதக் கிடங்குகளைச் சூறையாடினார்கள். ஸைகோ அவர்களைக் கைவிடவில்லை. கலகத்துக்குத் தலைமை தாங்கினார். டோக்கியோவில் உள்நாட்டு மந்திரியாக இருந்த ஓகுபோ, தாம் பிறந்த மண்ணின் மீதே படையை ஏவினார். ஸைகோவின் உறவினரான ஓயாமாவும் சர்க்கார் படையில் இருந்தார். செப்டம்பர் 24-ம் தேதி, காகோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் ஸைகோ மாண்டார். எட்டு மாதம் நிறைவதற்குள், 1878 மே 14-ம் தேதி, வண்டியில் சென்று கொண்டிருந்த ஓகுபோவைச் சிலர் வெட்டிக் கொன்றனர். அத்தனை அதிகாரம் வகித்தவர் விட்டுச் சென்றது கடன்தான்!

இக்கலகத்தின்போது டோகோ இங்கிலாந்தில் கப்பல் வித்தை பயின்று கொண்டிருந்தார். ஊரில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாரோ! 1905-ல் ட்ஸுஷிமா கடற்போரில் ருஷியக் கப்பற்படையை முறியடித்தவர் அவரே.

கலகம் செய்த ஸைகோவை 1889-ல் சர்க்கார் மன்னித்தது. 1898-ல் டோக்கியோவிலும் 1937-ல் காகோஷிமாவிலும் அவருக்குச் சிலை எழுந்தது. ஓகுபோவுக்குச் சொந்த ஊரில் சிலை வைத்ததோ 1979-ல்! நூறு ஆண்டுகள் ஊரின் மனம் ஆறவில்லை.

ஊராரின் மனத்தாங்கல் நமக்குப் புரிகிறது. மாணாக்கர் செய்த பிழைக்காகத் தம் உயிரையே கொடுத்தவரை யாரால் மறக்க முடியும்? ஆயினும் ஓகுபோவின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்ற சமஸ்தானத்தார் கலகம் செய்தபோது தண்டித்தவர், தம் ஊரார் செய்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டால், சட்டத்தை அப்புறம் யார் மதிப்பார்? ஊர்ப் பற்று தாய்ப்பால் போன்றது. அதைப் பழிப்பவர் யாரும் இல்லை. ஆனால் நியாயத் தராசைப் பிடித்த கைக்கு ஊர் ஏது?

நேயர்களே! இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், ஸைகோ செய்தது சரியா, ஓகுபோ செய்தது சரியா என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். விடை எதுவானாலும் பாதகமில்லை. காரணத்தை மட்டும் கேட்காமல் விடாதீர்கள்.