பின்கண்ணாடி போடும்போது விலையைக் கடைசியாகக் கேளுங்கள்

எமது வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வாகனத்தின் எஞ்சினில் சிறு சத்தம் கேட்டாலே நம்பிக்கையான பாஸ் ஒருவரைத் தேடிப் போவார்கள். டயர் வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்குவார்கள். ஆனால் கெப்பின் பின்கண்ணாடி உடைந்தால் மட்டும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவுக்குப் போட்டுத் தருவீங்க?" குறைத்துச் சொன்னவரிடம் வேலை போய்விடும். பின்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணத்தால் பணமும் போகலாம், ஆளும் போகலாம். ஆகவே இந்த வாரம் இதைப் பற்றியே எழுதுகின்றேன்.

நான் இருப்பது ஜிந்துப்பிட்டியில். எமது பகுதியில் தொழில் என்றாலே வாகனம்தான். விடியற்காலையில் மெனிங் சந்தைக்குப் போய்வரும் வண்டிகள் இருக்கின்றன. அந்தச் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாறிய பிறகு அவற்றின் ஓட்டமும் கூடிவிட்டது. பழைய சோனகத் தெருவில் குழாயும் கம்பியும் தகரமும் ஏற்றும் வண்டிகள் இருக்கின்றன. சனங்கள் டிமோ பட்டா என்று அழைக்கும் டாடா ஏஸ், பொலேரோ, சிங்கிள் கெப், டபல் கெப் என்று எல்லா ரகமும் உண்டு. இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் ஏற்றிய சாமானுக்கும் சாரதியின் பின்கழுத்துக்கும் நடுவில் இருப்பது அந்தப் பின்கண்ணாடிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கிடையில் 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவையும் தாண்டியது. புதிய வண்டி வாங்குவது சிறு வியாபாரிக்கு எட்டாத விடயமாகிவிட்டது. கையிலுள்ள பழைய வண்டியையே இன்னும் பல வருடம் ஓட்ட வேண்டிய நிலையில், அதன் பொடியைத் துருப்பிடிக்க விடாமல் காப்பதும் முதலீட்டைக் காப்பதுதான். பிழையாகப் போட்ட ஒரு கண்ணாடி அந்தப் பொடியை ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே அரித்துவிடக் கூடும்.

முதலில் கேட்க வேண்டியது, இது என்ன கண்ணாடி என்பது. வாகனக் கண்ணாடி இரண்டு வகை. முன்கண்ணாடி லெமினேட்டட் வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிலந்தி வலை போல் வெடித்து அப்படியே நிற்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட் வகை. கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சடுதியாகக் காற்றடித்துக் குளிரவைத்துச் செய்வது. சாதாரணக் கண்ணாடியைவிட இது நான்கு மடங்கு வரை பலமானது. உடையும்போது முழுவதும் ஒரேயடியாக நொறுங்கி, கூரில்லாத சிறு துண்டுகளாகக் கொட்டும். ஆளை வெட்டாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இங்கே வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விடயம் ஒன்றுண்டு. டெம்பர்ட் கண்ணாடியைச் செய்து முடித்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. கட்டரை வைத்தால் முழுவதும் நொறுங்கிவிடும். ஆகவே யாராவது உங்கள் வண்டியை அளந்துவிட்டு, "பத்து நிமிஷத்தில் வெட்டிப் போட்டுத் தாறேன்" என்று சொன்னால், அவர் வெட்டப்போவது டெம்பர்ட் கண்ணாடி அல்ல. ஒன்றில் அது லெமினேட்டட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு யன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி. யன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாக உடையும். சடுதியாகப் பிரேக் போடும்போது பின்னால் இருக்கும் இரும்புக் குழாய் ஒன்று முன்னோக்கி வழுக்கினால், அந்தத் துண்டுகள் எங்கே போய்க் குத்தும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. சில ஆயிரம் ரூபா மிச்சம் பிடிப்பதற்காகச் சாரதியையும் உதவியாளையும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. பொடியை மாற்றியமைத்த வண்டியாக இருந்து, அளவுக்கு டெம்பர்ட் கண்ணாடி கிடைக்காவிட்டால், லெமினேட்டட் கண்ணாடியை வெட்டிப் போடச் சொல்லுங்கள். செலவு கூடினாலும் அதுதான் முறை.

கண்ணாடியின் வகையை அறிய மூலையிலுள்ள முத்திரையைப் பாருங்கள். டெம்பர்ட், டஃபன்ட், லெமினேட்டட் என்ற சொற்களில் ஒன்று ஆங்கிலத்தில் இருக்கும். ஜப்பான் கண்ணாடியில் ஜே.ஐ.எஸ். அடையாளமும், ஐரோப்பிய விதிப்படி செய்ததில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் இலக்கமும், இந்தியக் கண்ணாடியில் ஐ.எஸ். 2553 என்ற தர இலக்கமும் காணப்படும். முத்திரையே இல்லாத கண்ணாடியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள்.

இந்த இடத்தில் எனது கருத்து ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். புதிது என்ற பெயரில் வரும் முத்திரையற்ற கண்ணாடியைவிட, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் முத்திரையுள்ள பழைய ஒரிஜினல் கண்ணாடி நூறு மடங்கு மேல். கண்ணாடி டயரைப் போலத் தேயும் பொருளல்ல. ஆனால் ஓரங்களை விரலால் அல்ல, கண்ணால் நன்றாகப் பாருங்கள். டெம்பர்ட் கண்ணாடியின் பலவீனம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. ஓரத்தில் சிறு செதில் பெயர்ந்திருந்தாலும் அதை வாங்க வேண்டாம். குழியான பாதையில் ஒரு குலுக்கல் போதும், அது கொட்டிவிடும்.

வாங்கப் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஹைலக்ஸ் என்றால் எந்த ஹைலக்ஸ்? 2015இல் வந்த ரெவோவின் பொடி வேறு, அதற்கு முந்திய வீகோவின் பொடி வேறு. சிங்கிள் கெப்பா, டபல் கெப்பா? நடுவில் தள்ளித் திறக்கும் கண்ணாடியா, திறக்காத ஒற்றைக் கண்ணாடியா? பனி போக்கும் சூட்டுக் கம்பிக் கோடுகள் உண்டா? செசி இலக்கத்தை எழுதிக்கொண்டு, வண்டியின் பின்பக்கத்தைப் படமும் எடுத்துக்கொண்டு போனால், இரண்டாம் முறை அலைய வேண்டியிராது.

இரண்டாவது கேள்வி, எப்படிப் பொருத்தப் போகிறீர்கள் என்பது. கண்ணாடி நல்லதாக இருந்து பொருத்தும் வேலை பிழைத்தால் பலன் இல்லை. பழைய கெப்களிலும் சிறு லொறிகளிலும் ரப்பர் பீடிங்கில் கண்ணாடி நிற்கும். பல வருடம் வெயிலில் கிடந்த ரப்பர் இறுகி வெடித்திருக்கும். கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிட்டு அதே பழைய ரப்பரைப் போடச் சொல்பவர்கள் பலர். மழை வந்ததும் ஒழுகும். பிறகு அதன்மேல் சிலிக்கன் பூசுவார்கள். கண்ணாடியோடு ரப்பரையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

புதிய ரக கெப்களில் யூரிதேன் பசையால் ஒட்டியிருப்பார்கள். இதில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. பழைய பசையை மெல்லிய படையாகச் சீவிவிட்டு, துரு இருந்தால் அதை உலோகம் தெரியும்வரை சுரண்டிப் பெயின்ட் பூசி, பிரைமர் தடவி, அதற்குப் பிறகுதான் பசை போட வேண்டும். துருவின்மேல் போட்ட பசை துருவோடு சேர்ந்தே பெயர்ந்து வரும். யூரிதேன் காற்றின் ஈரத்தால் இறுகும் பொருள் என்பதால் கொழும்பின் ஈரப்பதன் அதற்குப் பகையல்ல. ஆனால் ஒட்டும் இடம் நனைந்திருக்கக் கூடாது. மழை நேரத்தில் திறந்த வெளியில் இந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். பசை டியூபின் காலாவதித் திகதியையும் பாருங்கள்.

யூரிதேனுக்குப் பதிலாகச் சாதாரண சிலிக்கனைப் பூசிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. வினாகிரி போல் மணத்தால் அது அசெட்டிக் அமிலம் விடும் சிலிக்கன் என்று அறிந்துகொள்ளலாம். அந்த அமிலம் இரும்பை அரிக்கும். துறைமுகத்துக்கு அருகில், உப்புக்காற்றில் நிற்கும் எமது வண்டிகளுக்கு இது இன்னும் கேடு. அதுமட்டுமல்ல, ஒருமுறை சிலிக்கன் பட்ட இடத்தில், அதை முழுவதும் நீக்காமல் யூரிதேன் சரியாக ஒட்டாது.

ஒட்டிய பின் எத்தனை மணி நேரம் வண்டியை அசைக்கக் கூடாது என்பது பசையின் உறையில் எழுதியிருக்கும். அன்றைய ஹயர் போய்விடும் என்று அவசரப்படாதீர்கள். முதல் நாள் கதவை அடித்துச் சாத்தவும் வேண்டாம். உள்ளே அடைபடும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தால் போதும். வேகத் தண்ணீர் அடித்துக் கழுவுவதையும் ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவது கேள்வியை நீங்கள் உங்களிடமே கேட்க வேண்டும். இந்தக் கண்ணாடி ஏன் உடைந்தது? வீதியில் தெறித்த கல் என்றால் அது வேறு. சாமான் முன்னோக்கி வழுக்கி உடைந்திருந்தால், புதிய கண்ணாடியும் அப்படியே உடையும். கெபினுக்குப் பின்னால் குழாய்ச் சட்டமோ கம்பி வலையோ அடிக்க வேண்டும். நாட்டாமிமார் ஏற்றிய சாமானைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று சாரதி பார்க்க வேண்டும். சட்டத்தை வெல்டிங் செய்வதென்றால் கண்ணாடி போடுமுன் செய்துவிடுங்கள். தீப்பொறி பட்டால் கண்ணாடியில் சிறு சிறு குழிகள் விழுந்து அதன் பலம் போய்விடும். அடி எதுவும் படாமல் இரண்டாம் முறையும் உடைந்தால் கெபினின் சட்டம் கோணியிருக்கலாம், அல்லது துரு ஊதிக் கண்ணாடியை நெருக்கலாம். அப்போது போக வேண்டிய இடம் கண்ணாடிக் கடை அல்ல, டிங்கரிங் கராஜ்.

உடைந்த கண்ணாடிக்குப் பொலித்தீன் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஓடுபவர்களுக்கும் ஒரு சொல். வண்டி ஓடும்போது கெபினுக்குப் பின்னால் காற்று சுழன்று, புகைக் குழாயின் புகையை உள்ளே இழுத்து வரும். அது சாரதியின் சுவாசத்தில் சேர்கிறது.

இனிப் பணப் பக்கம். உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளுமுன் படம் எடுத்து, காப்புறுதிக் கம்பனிக்கு அறிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் கண்ணாடிக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தாலும், கண்ணாடிக்கான பிரிவில் முன்கண்ணாடி மட்டும் அடங்குமா, பின்கண்ணாடியும் அடங்குமா, கோரினால் நோ கிளெய்ம் போனஸ் குறையுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கலகத்தில் கல் வீசி உடைத்தால், அதற்கென வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பு எடுத்திருக்க வேண்டும். 2014இல் அளுத்கமையையும் 2018இல் திகனையையும் கண்ட எமது வியாபாரிகளுக்கு அந்த ஒரு வரியின் பெறுமதியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். தள்ளித் திறக்கும் கண்ணாடியானால் கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, பூட்டுச் சரியாக விழுகிறதா என்றும் பாருங்கள். பில்லில் வாகன இலக்கம், கண்ணாடியின் வகை, ஒழுகினால் எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்பவற்றை எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. முறைப்பாடு செய்வதானால் மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் செய்ய வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மலிவான இடத்தில் 6,000 ரூபா மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒழுகலுக்காக வண்டி மீண்டும் ஒரு நாள் கராஜில் நின்றால், அன்றைய ஹயரும் சாரதியின் நாட்கூலியும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். நனைந்த ஒரு மூட்டை சீனி, ஈரமான சீட், துருப்பிடித்த தளத் தகடு எல்லாம் அதற்கு மேல்.

ஆகவே விலை பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வியாபாரி விலை பேசாமல் இருப்பானா? என்ன கண்ணாடி, எப்படிப் பொருத்துவது, ஒழுகினால் யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு, அந்தப் பதிலைத் தந்த கடைகளுக்குள் விலையைப் பேசுங்கள். அப்போதுதான் இரண்டு கடையின் விலையையும் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கும்.