எந்த மொழியில் சம்மதம்?



எச்.ஐ.வி. என்று பேச்செடுத்தால் நமது கூட்டங்களில் ஆண்கள் பீடி பற்ற வைக்க வெளியே போய்விடுகிறார்கள். லாரி ஓட்டுகிறவர்களுக்கு வருவது, நமக்கெதற்கு என்கிறார்கள். மணமான பெண்ணுக்கு இக்கிருமி பெரும்பாலும் கணவன் வழியாகவே வருகிறது என்பது நாடறிந்த உண்மை. பழி மட்டும் அவள் தலையில்!

சென்ற மாதம் நம் சகோதரி ஒருவர், சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவர், மூன்று மாதக் கர்ப்பிணி, இரத்தப் பரிசோதனைக்குப் போனார். ஆலோசனை முழுவதும் தெலுங்கில். காய்கறி வாங்க நம் பெண்களின் அரைகுறைத் தெலுங்கு போதும். அந்த அறையில் போதுமா? மொழிபெயர்க்க உடன் போனவன் 12 வயது மகன். ஆணுறை பற்றியும் அவன் தகப்பனின் போக்கு பற்றியும் ஒரு தாய் மகனை வைத்துக்கொண்டு என்ன கேட்க முடியும்? எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். ஆலோசகர் அம்மையாரை நாம் குறை சொல்லவில்லை. தமக்குத் தெரிந்த மொழியில் அவர் பேசினார்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ல். டாக்டர் நிர்மலா சென்னையில் பெண்களிடம் எடுத்த இரத்தம், நமக்குப் பக்கத்து ஊரான வேலூரில் சோதிக்கப்பட்டது. எதற்கான சோதனை என்று அப்பெண்களுக்குச் சொல்லவில்லை என அவரே பின்னாளில் கூறினார். அன்று சட்டமில்லை. இன்று இருக்கிறது. 2017ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் அமலிலுள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், சம்பந்தப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெறுவதே சம்மதம் என்கிறது. அந்தக் கைநாட்டு எந்தக் கணக்கில் சேரும்?

இது வெறும் மொழிச் சண்டையல்ல. கிருமியுள்ள தாய் மருந்து உண்ணாவிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுகிறது. ஒழுங்காக உண்டால் 5க்கும் கீழே இறங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இம்மருந்து இலவசம். ஆனால் வாழ்நாள் முழுதும் தினமும் உண்ண வேண்டும் என்பதை அவளுக்குப் புரியவைப்பது யார்?

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழறிந்த பெண் ஊழியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆலோசனை அறைக்கு ஒருவரை அமர்த்துங்கள், விளக்கத் தாளைத் தமிழிலும் அச்சிடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். ஞாயிறு மாலை சங்க அலுவலகத்தில் கையெழுத்திடலாம். கையெழுத்திட வரும் ஆண்கள், மனைவியை அனுப்புமுன் தாங்கள் போய்ச் சோதித்துக்கொள்ளட்டும். வேலைத்தலத்தில் மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்குமளவு தெலுங்கு அவர்களுக்குத் தெரியும்.