சகோதரி தொடுக்கும் பாகப்பிரிவினை வழக்கு

தந்தையின் சொத்தில் தன் பங்கைக் கேட்டு ஒரு பெண் நீதிமன்றம் சென்றால், “கூடப் பிறந்தவனையே கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாள்” என்ற பேச்சுதான் நம் மஹல்லாக்களில் முதலில் எழுகிறது. அவளுக்குரிய பங்கு எவ்வளவு, அதை இத்தனை ஆண்டுகளாக வைத்திருப்பவர் யார் என்று கேட்போர் குறைவு. நீதிமன்றம் என்றாலே காவல் நிலையம், கைது, தண்டனை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கமே இப்பேச்சுக்குக் காரணம்.

குற்றவியல் வழக்கில் அரசு ஒருவர்மீது குற்றம் சாட்டித் தண்டனை கோருகிறது. உரிமையியல் வழக்கில் எழும் கேள்வி வேறு; இந்தப் பொருள் யாருக்கு எந்த அளவில் உரியது என்பதே அது. அங்கே நிற்பவர்கள் வாதியும் பிரதிவாதியும். குற்றவாளி என்று எவரும் இல்லை. பிரிவினை வழக்கில் இந்த வேறுபாடுகூட மங்கிவிடுகிறது. பிரதிவாதியாக நிற்கும் அண்ணனும் தம் பங்கைத் தனியே பிரித்துத் தருமாறு அதே வழக்கில் கேட்கலாம்.

நீதிமன்றம் எந்தச் சட்டப்படி பிரிக்கிறது? முஸ்லிமின் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே சட்டம் என்று 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் செயலாக்கச் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே வயலும் தோப்பும் ஆண்மக்களுக்கே என்று நம் ஊர்களில் சொல்லப்படுவதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, தமிழ்நாட்டுச் சட்டத்திலும் ஆதாரமில்லை. ஒருவர் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு மறைகிறார் என்று கொள்வோம். அடக்கச் செலவும், மஹர் பாக்கி உள்ளிட்ட கடனும், வஸிய்யத்தும் போக 32 சென்ட் நிலம் மிஞ்சினால், மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7 சென்ட். ஃபராயிள் கற்ற ஆலிம் போடும் இதே கணக்கைத்தான் நீதிபதியும் போட வேண்டும்.

வழக்கின் போக்கு பலரும் அஞ்சுமளவுக்குப் புதிரானதன்று. வாதி வழக்குரை தாக்கல் செய்கிறார். மற்ற வாரிசுகளுக்கு அழைப்பாணை செல்கிறது. அது கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தரவேண்டும். நீதிமன்றம் இதை 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். கோபத்தில் அழைப்பாணையை ஒதுக்கிவைக்கும் அண்ணன், தம் தரப்பைச் சொல்லாமலேயே ஒருதலைத் தீர்ப்புக்கு ஆளாகிறார். பின்னர் எழுவினாக்கள் வகுக்கப்பட்டு, சாட்சியம் பதிவாகிறது. பங்குகள் இன்னின்ன என்று அறிவிப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. அதைக் கையில் வாங்கியதும் வழக்கு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. வழக்கறிஞர் ஆணையர் நிலத்தை அளந்து, இது உனக்கு, இது அவருக்கு என்று பிரித்து அறிக்கை தந்து, இறுதித் தீர்ப்பாணை வந்த பிறகே பங்கு கைக்கு வரும். இதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன என்பது உண்மையான குறை. அந்தக் குறைக்குப் பங்கைக் கேட்டவளைப் பழிப்பது என்ன நியாயம்?

நீதிமன்றத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது விடுதலைப் பத்திரம். மய்யித்து அடக்கமான சில வாரங்களில் சகோதரிகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, “சும்மா ஒரு கையெழுத்து” என்று வாங்கிவிடுகிறார்கள். பதிவான பத்திரத்தைப் பிறகு முறியடிக்க வேண்டுமானால், ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியது என்பதை அவளே மெய்ப்பிக்க வேண்டும். அது எளிதன்று. வாசித்துப் பார்க்காமல், தன் பங்கு எவ்வளவு என்று அறியாமல், எந்தப் பெண்ணும் கையெழுத்திட வேண்டாம். விட்டுக்கொடுப்பது அவள் உரிமைதான். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வழக்குச் செலவை எண்ணித் தயங்குவோருக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகப் போகவும் வழி உண்டு. அங்கே முடிந்தால் மேல்முறையீடு இல்லை. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வழக்கில் வென்றுவிட்டால் எல்லாம் ஹலாலாகிவிடும் என்று எண்ணும் ஆண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வாதத்திறமையால் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்று, சகோதரனின் உரிமையை எடுத்துக்கொள்பவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நீதிபதி முன்னால் வந்த சாட்சியத்தை மட்டுமே பார்க்க முடியும். மறைத்த பத்திரம் எங்கே இருக்கிறது என்பது மறைத்தவருக்குத் தெரியும்.

ஜனாஸா தொழுகைக்கு முன், “மய்யித்துக்குக் கடன் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் தெரிவியுங்கள்” என்று நம் பள்ளிவாசல்களில் அறிவிக்கிறோம். அதோடு ஜமாஅத்தின் பொறுப்பு நின்றுவிடுகிறது. விதவையின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதற்குள் சொத்துகளின் பட்டியலையும் பங்குக் கணக்கையும் ஆலிம் ஒருவரைக் கொண்டு எழுதி, மகள்கள் உட்பட எல்லா வாரிசுகளுக்கும் ஒரு படி கொடுக்குமாறு ஜமாஅத் கேட்கலாம். வாரிசுகள் ஒத்துக்கொண்டால், அதையே பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால், வழக்குத் தொடுக்கும் சகோதரியின் கையில் அந்தப் பட்டியலாவது இருக்கும்.